புதுப்பிப்பு: மருத்துவக் காரணத்தால் பணி மாறிய ரயில்வே ஊழியரின் சீனியாரிட்டி, பதவி உயர்வு
மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து மறுபடியும் நான். தமிழ்நாட்டில் ரயில் ஓட்டிய என் சித்தப்பா மகன் கண் பரிசோதனையில் தேறாமல் கிளார்க் வேலைக்கு மாற்றப்பட்டார். சீனியாரிட்டியில் கடைசியில் போட்டுவிட்டார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எடுபடவில்லை. ஊனத்தைக் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்கிறது, சரி. சீனியாரிட்டிக் கணக்கு அதில் இல்லையே. இந்திய ரயில்வே பணியமைப்புக் கையேட்டின் 1310-ஆம் பத்தியைக் குறிப்பிட்டு மனு போடச் சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது. சமமான கிரேடில் பார்த்த பழைய சர்வீஸ் புதிய இடத்திலும் சேருமாம். பட்டியலைத் திருத்திவிட்டார்கள்.

அதே பத்தியில் எதிர்பாராத ஒன்று: பதவி உயர்வு பெறும் முன்பிருந்த கேடருக்கே (பணிப் பிரிவுக்கே) திரும்புகிறவர் தன் பழைய சீனியர்களைத் தாண்ட முடியாது. இவருக்கு அது பொருந்தவில்லை. அப்புறம், பதவி உயர்வுத் தேர்வை எல்லாரையும் போல எழுதித்தான் ஆக வேண்டும், படித்துக்கொண்டிருக்கிறார்.