வைகையில் அளவுகோல் அதே 1.20 மீட்டர், ஓட்டம் மட்டும் வேறு: ஏன்?

கடைமடை:
சோழவந்தானுக்குக் கீழே ஒரு பாலத் தூணில் உள்ள அளவுகோலைக் காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் குறித்து வருகிறோம். ஐப்பசியில் 1.20 மீட்டர் இருந்தபோது மிதவை விட்டுக் கணக்குப் போட்டால் நொடிக்கு 576 கன அடி வந்தது. இப்போதும் அதே 1.20தான், ஆனால் 672 வருகிறது. இரண்டு தடவையும் கம்பு விட்டு ஆழம் பார்த்தோம், மிதவையின் மேல்வேகத்தைச் சராசரி வேகமாக்க 0.85-ஆல் பெருக்கினோம். வைகை அணையில் திறந்ததாகச் சொல்லும் அளவோடு இரண்டுமே ஒட்டவில்லை. கோல் தப்பா, கணக்கு தப்பா?

மணல்படுகை:
ரெண்டும் தப்பில்லை. படுகை இறங்கியிருக்கிறது. கோல் காட்டுவது நீர் மட்டத்தை. மட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது.

உதாரணத்துக்கு அகலம் 40 மீட்டர், சராசரி ஆழம் 0.60 என்று வையுங்கள். பரப்பு 24 சதுர மீட்டர். மிதவை 20 மீட்டரை 25 நொடியில் கடந்தால் மேல்வேகம் 0.80, அதை 0.85-ஆல் பெருக்கினால் 0.68. ஓட்டம் நொடிக்கு 16.3 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 35.31 கன அடி, ஆக 576. மணல் 10 செ.மீ. அரித்துப் போனால் பரப்பு 28. வேகம் மாறாவிட்டாலும் 672 வந்துவிடும். உங்கள் வித்தியாசம் முழுக்க அந்த 10 செ.மீ.தான்.

அதனால் மணல் ஆற்றில் எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று சொல்லும் மட்டம்–ஓட்டம் அட்டவணையை ஒருமுறை போட்டுவிட்டு வருசக்கணக்கில் நம்பக்கூடாது. ஒவ்வொரு வெள்ளம் வடிந்த பிறகும் ஒரு தடவையாவது ஓட்டத்தை நேரில் அளக்க வேண்டும். அளந்த ஓட்டம் பழைய அட்டவணையில் 1.32-க்கு உரியது, கோல் 1.20 காட்டுகிறது என்றால், அடுத்த அளவீடு வரை கோல் அளவோடு 0.12 கூட்டி அட்டவணையைப் பாருங்கள். புது அட்டவணை போடத் தேவையில்லை.

இன்னொன்று, தூணை ஒட்டி ஆழம் எடுக்காதீர்கள். அங்கே சுழல் குழி பறித்திருக்கும். பாலத்தை விட்டு விலகி, ஆறு நேராக ஓடும் இடமாகப் பாருங்கள்.

மதகு77:
அணைக் கணக்கோடு ஒட்டாததில் ஆச்சரியமில்லை அண்ணே. நீங்கள் இருப்பது, வைகை அணைக்குக் கீழே கால்வாய்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் பேரணைக்கும் கீழே. பெரியாறு பிரதானக் கால்வாயும் திருமங்கலம் கால்வாயும் அங்கேயே பிரிகின்றன, மீதிதான் ஆற்றில் உங்களுக்கு. மழைக்காலத்தில் தலைகீழ்: அணைக்குக் கீழே சேரும் மஞ்சளாறும் மருதாநதியும் கொண்டுவரும் வெள்ளம் அணைக் கணக்கில் வராது. ஒப்பிடுவதென்றால் பேரணையில் கீழே விட்ட அளவோடு ஒப்பிடுங்கள்.

வெள்ளத்தில் காலை, மாலை என்று இரண்டு வாசிப்பு போதாது. உச்சம் இரவில் கடந்துவிடும். அணை 69 அடியைத் தொட்டு மூன்றாம் எச்சரிக்கை விட்டால் மணிக்கு ஒருமுறை எடுங்கள்.

ஓபுளா:
படுகை மட்டுமே காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். கோலுக்குக் கீழே தடுப்பணை இருந்தாலோ, ஆகாயத்தாமரை பாலத்தில் சிக்கி அடைத்தாலோ, தண்ணீர் பின்வாங்கித் தேங்கும். ஓட்டம் கூடாமலே கோல் ஏறும். மதுரை நகருக்குள் தடுப்பணைகளுக்கு மேலே எடுக்கும் வாசிப்பில் இது சகஜம். அடைப்பா என்று தெரிய, 200 மீட்டர் கீழே இன்னொரு கோல் நட்டு, இரண்டின் பூஜ்யமும் ஒரே உயரத்தில் இருக்கும்படி லெவல் எடுத்து வையுங்கள். மேல்கோல் ஏறியும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கினால் கீழே எங்கோ தடை.

கடைமடை:
நீரோட்ட வேகம் அளக்கும் கரண்ட் மீட்டர் கையில் இல்லை. மிதவையே போதுமா?

மணல்படுகை:
தோராயத்துக்குப் போதும். நடு ஆற்றில் மட்டும் விட்டால் ஓட்டம் கூடுதலாகக் காட்டும். அகலத்தை நான்கைந்து பட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மூன்று தடவை விடுங்கள். மட்டையோடு தேங்காய் நல்லது, முக்கால்வாசி முங்கி மிதக்கும். தெர்மாகோல் வேண்டாம், அதைக் காற்று எங்கே கொண்டுபோகும் என்று 2017-ல் வைகை அணையிலேயே ஊர் பார்த்தது.

கரண்ட் மீட்டர் கிடைத்தால் ஆற்றின் அகலத்தில் 2 மீட்டருக்கு ஒரு இடத்தில் அளங்கள். ஆழம் 75 செ.மீ.க்குள் என்றால் மேலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் ஒரு வாசிப்பு. அதற்கு மேல் என்றால் 0.2, 0.8 இரண்டிலும் எடுத்துச் சராசரி. ஒவ்வொன்றுக்கும் 40 நொடியாவது விடுங்கள். கம்பின் அடியில் உள்ளங்கை அகலத் தகடு ஒன்று பற்ற வையுங்கள், இல்லையென்றால் மணலுக்குள் இறங்கி ஆழத்தைக் கூட்டிக் காட்டும்.