ஹெச்ஓ டீசல் இன்ஜின்: விளக்கு எரிகிறது, மோட்டார் முனகுகிறது, நகரவில்லை

போத்தனூர் பாசஞ்சர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஹெச்ஓ எனப்படும் 1:87 அளவில் ஆறு அச்சு ஆல்கோ (அமெரிக்க நிறுவனம்) டீசல் இன்ஜின் மாடல் ஒன்று இருக்கிறது. சாதாரண 12 வோல்ட் டிசி, டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) கிடையாது. மாமா அமெரிக்காவில் இருந்தபோது வாங்கியது. நம்ம ஊர் டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் போல அவரே பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் ஈரோடு ஷெட் பெயரைச் சின்ன பிரஷ்ஷால் எழுதி எனக்குக் கொடுத்தார். அதனால் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கும் எண்ணமே இல்லை.

பல வருடம் பரணில் இருந்தது. போன வாரம் எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தேன். கன்ட்ரோலரைத் திருப்பினால் முன் விளக்கு எரிகிறது, திசையை மாற்றினால் பின் விளக்கு எரிகிறது. வண்டி மட்டும் அசையவில்லை. பாதிக்கு மேல் திருப்பினால் உள்ளே ஒரு முனகல். சற்று நேரம் விட்டால் மேல்பாகம் சூடாகிறது. தண்டவாளம், சக்கரம் எல்லாம் துடைத்தாயிற்று. அதே பாதையில் என் சின்ன ஷன்டிங் இன்ஜின் நன்றாக ஓடுகிறது. கடையில் கேட்டதற்கு மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். பாடியைத் திறக்கப் பயமாக இருக்கிறது, கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் நூல் போல மெல்லியவை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பொன்மலை டீசல்:

தம்பி, முதல் வேலையாக கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்ப்பதை நிறுத்துங்கள். சுற்றுகிற மோட்டார் தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தை அடக்கி வைக்கும். சுற்றாமல் நின்றுவிட்டால் அந்தத் தடை இல்லை. மின்னோட்டம் ஏறி, அவ்வளவும் சூடாக மாறும். நீங்கள் தொட்டுப் பார்த்த சூடு அதுதான். இப்படியே விட்டால் கம்பிச் சுருளின் மேல்பூச்சு கருகி, நல்ல மோட்டாரும் கெட்டுவிடும்.

ஆனால் நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. விளக்கு எரிகிறது என்றால் தண்டவாளத்திலிருந்து சக்கரம், சக்கரத்தை உரசும் பித்தளைத் தகடு, அங்கிருந்து சர்க்யூட் போர்டு வரை மின்சாரம் வந்துவிட்டது. முனகலும் சூடும் இருப்பதால் மோட்டாருக்குள்ளும் போகிறது. மோட்டார் சுற்றப் பார்க்கிறது, ஏதோ பிடித்து நிறுத்துகிறது. இந்த நிலையில் மோட்டாரை மாற்றச் சொல்வது அவசரப்பட்ட முடிவு.

நான் வேலை பார்த்தது பொன்மலை ஒர்க்‌ஷாப்பில். நிஜ டபிள்யூடிஎம்-2-ல் ஆறு அச்சுக்கும் தனித்தனியாக ஆறு டிராக்‌ஷன் மோட்டார் உண்டு. ஒன்று கெட்டால் அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டு மீதியுள்ளவற்றால் வண்டியை நகர்த்தலாம். உங்கள் மாடலில் நடுவில் ஒரே மோட்டார். இரண்டு பக்கமும் ஷாஃப்ட் போய், வார்ம் கியர் (திருகு போன்ற பல்சக்கரம்) வழியாக இரண்டு போகியையும் (மூன்று அச்சு கொண்ட சக்கரத் தொகுதி) சுற்றுகிறது. அதில் ஒரு பல்சக்கரம் இறுகினாலும் எல்லாமே நிற்கும்.

பாடியைத் திறக்கும்முன் அடியில் பாருங்கள். பல மாடல்களில் கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) பெட்டியின் ஸ்க்ரூதான் பாடியையும் பிடித்திருக்கும். ஸ்க்ரூ இல்லையென்றால் எரிபொருள் டேங்க் பக்கம் பழைய ஏடிஎம் கார்டு போன்ற மெல்லிய பிளாஸ்டிக்கை இரண்டு புறமும் செருகி, மெதுவாக விரித்து மேலே தூக்குங்கள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இழுக்கவே கூடாது.

திறந்ததும் இரண்டு ஷாஃப்டையும் கழற்றி மோட்டாரைத் தனியாக்குங்கள். போர்டிலிருந்து வரும் ஒயரையும் எடுத்துவிட்டு, மோட்டாரின் இரு முனைகளில் 9 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் வையுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. அப்புறம் ஒவ்வொரு போகியின் வார்ம் தண்டையும் விரலால் திருப்பிப் பாருங்கள். சக்கரத்தைத் தள்ளிச் சோதிக்காதீர்கள். வார்ம் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் வார்மைச் சுற்றாது. பலவந்தம் செய்தால் பல் உடையும்.

ரிச்சி தெரு:

அண்ணா சொன்னது சரி. ஆனால் விளக்கு எரிவதை வைத்துத் தொடர்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். எல்இடிக்குச் சில மில்லிஆம்பியர் போதும், மோட்டாருக்கு அதைப்போல பல மடங்கு வேண்டும். துருப்பிடித்த தொடர்பு எல்இடிக்கு ஈடுகொடுக்கும், மோட்டாருக்குக் கொடுக்காது. பழைய மாடல்களில் ஒயரை ஈயம் வைக்காமல் பிளாஸ்டிக் கிளிப்பால் போர்டில் அழுத்தி வைத்திருப்பார்கள். சென்னைக் காற்றில் அந்த இடம்தான் முதலில் கெடும்.

அதனால் ஒயரைக் கழற்றும் முன்னால் மல்டிமீட்டரில் தண்டவாளத்தில் ஒரு அளவும், மோட்டார் முனையில் ஒரு அளவும் எடுங்கள், இரண்டையும் கன்ட்ரோலர் ஓடும்போதே. பெரிய வித்தியாசம் இருந்தால் கோளாறு வழியில் இருக்கிறது. சில நொடிக்கு மேல் வைக்க வேண்டாம்.

போத்தனூர் பாசஞ்சர்:

இருவருக்கும் நன்றி. தண்டவாளத்தில் 8 வோல்ட், மோட்டார் முனையில் 7.7. பாடி சேதமில்லாமல் வந்துவிட்டது, கப்ளர் ஸ்க்ரூதான் பிடித்திருந்தது. ஷாஃப்டைக் கழற்றி பேட்டரி வைத்தேன், மோட்டார் அருமையாகச் சுற்றுகிறது! முன் போகி விரலுக்கு லேசாகத் திரும்புகிறது. பின் போகி அசையவே இல்லை. அடித்தகட்டைத் திறந்தால் கிரீஸ் எல்லாம் பழைய வெல்லப்பாகு போல பழுப்பாக இறுகிக் கிடக்கிறது. பெட்ரோலில் ஊற வைக்கலாமா?

பொன்மலை டீசல்:

மோட்டார் பிழைத்தது, எனக்கும் சந்தோஷம். பெட்ரோலும் தின்னரும் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், மாமா அடித்த பெயின்ட்டில் ஒரு சொட்டு பட்டாலும் போச்சு. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். அதுவும் பெயின்ட்டுக்கு ஆகாது, பாடியைத் தள்ளி வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் மின்காப்பு உள்ள அச்சு திரும்பிப் போய் உட்கார்ந்தால் இரண்டு தண்டவாளமும் இணைந்து ஷார்ட் ஆகலாம்.

சுத்தம் செய்ததும் அச்சில் உள்ள பல்சக்கரங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரும்பு அச்சில் இறுக்கமாக ஏற்றிய பிளாஸ்டிக் காலப்போக்கில் சுருங்கி, இரண்டு பல்லுக்கு நடுவே மயிரிழையாக விரிசல் விடும். அந்த இடத்தில் இடைவெளி அகன்று, அடுத்த சக்கரத்தின் பல் சிக்கும். கிரீஸ் மட்டும்தான் காரணம் என்று மூடிவிட்டால் மறுபடி நிற்கும்.

திரும்ப மாட்டும்போது பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் மெல்லிய எண்ணெய், அச்சு உட்காரும் இடத்தில் ஊசி முனையளவு. பல்லுக்குப் புது கிரீஸ் கொஞ்சமாக. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மார்கழிக் குளிரில் உறைந்துவிடும்.

போத்தனூர் பாசஞ்சர்:

நீங்கள் சொன்னதேதான். பின் போகியின் நடு அச்சில் விரிசல். படம் இணைத்திருக்கிறேன். பசை போட்டு ஒட்டலாமா?

ஸ்கார்பரோ லைன்:

தம்பி, பசை பாவிக்க வேண்டாம். இந்த வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நின்று பிடிக்காது. பல்லுக்குள் இறங்கினால் மற்றச் சக்கரங்களும் பழுதாகும். இங்கே கனடாவில் இந்த அச்சுப் பல்சக்கரங்களைச் சின்னப் பைக்கற்றுகளில் தனியாக விற்கிறார்கள், இணையத்திலும் எடுக்கலாம். வாங்க முதல் பற்களை எண்ணுங்கள், அச்சின் விட்டத்தை வெர்னியரால் அளவுங்கள். அச்சு முழுத் தண்டா, அல்லது இரண்டு அரைத் தண்டுகள் பல்சக்கரத்துக்குள் செருகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், இரண்டுக்கும் வேறு வேறு பல்சக்கரம். மாற்றும்போது இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான தூரம் மற்ற அச்சுகளோடு ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாயின்ட்டில் (தண்டவாளம் பிரியும் இடம்) தடம் புரளும்.

அது வரும்வரை உங்கள் படத்தில் உள்ள அமைப்பில் ஒரு வழி இருக்கு. மேலே உள்ள இடைச் சக்கரங்கள் வழியாகத்தான் மற்ற இரண்டு அச்சுக்கும் இழுவை போகிறது. நடு அச்சில் உடைந்த பல்சக்கரத்தை மட்டும் கழற்றிவிட்டால், அந்த அச்சு சும்மா உருளும், மற்றவை இழுக்கும். அரைத் தண்டு வகையென்றால் இது சரிவராது.

போத்தனூர் பாசஞ்சர்:

முழுத் தண்டுதான். உடைந்ததைக் கழற்றிவிட்டு மாட்டினேன். ஓடுகிறது! மெதுவாகவும் போகிறது, இரண்டு திசையிலும் போகிறது. மாமாவுக்கு வீடியோ அனுப்பிவிட்டேன். பல்சக்கரம் வரும்வரை பெட்டிகளை மாட்டி ஓட்டலாமா?

பொன்மலை டீசல்:

முதலில் பெட்டி இல்லாமல், நடுத்தர வேகத்தில், இரண்டு திசையிலும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்து மின்னோட்டத்தைக் குறித்து வையுங்கள். போகப் போக அளவு இறங்கி ஒரே இடத்தில் நின்றால் நல்லது, ஏறினால் உடனே நிறுத்துங்கள். அப்புறம் இரண்டு பெட்டி மாட்டலாம். இன்னொன்று, முன் போகியும் அதே காலத்துப் பிளாஸ்டிக்தான். இப்போது ஓடுகிறது என்று விடாமல் அதையும் திறந்து பாருங்கள். பல்சக்கரம் வாங்கும்போது ஆறு அச்சுக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.