பயிற்சிக்கு ஏற்ற வால்வு ஆம்ப் எது?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் இசைக்குழுவின் பயிற்சிக்காக, கையில் தூக்கிச் செல்லக்கூடிய, விலையும் கட்டுப்படியாகும் ஒரு வால்வு கிட்டார் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களைக் கொண்டு கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) தேடுகிறேன். பயிற்சி அறை லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இருப்பதால், சுமார் 22 கிலோ எடையுள்ள வாக்ஸ் ஏசி15-ஐ, அதன் கணீரென்ற ஒலி எவ்வளவு பிடித்திருந்தாலும், மனமின்றி ஒதுக்கிவிட்டேன். அதே 15 வாட் திறனுள்ள ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் ஏறத்தாழ 14 கிலோதான். ஆனால் டிரம்ஸ் வாசிப்பவர் ஓங்கி அடிக்கும்போதும் அதில் பிசிறில்லாத ஒலி கிடைக்குமா என்பதே என் ஐயம். சற்றுக் கரகரத்தால் எனக்குச் சம்மதமே, எங்கள் பாடகருக்குத்தான் ஆகாது. பழையதாக வாங்கினால் அதிலுள்ள இஎல்84 வகை வால்வுகளை மாற்ற எவ்வளவு செலவாகும், அமெரிக்காவின் 120 வோல்ட் ஆம்பை இங்குள்ள 230 வோல்ட் மின்சாரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுவது சரிவருமா என்பதையும் பயன்படுத்தியவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.