புதுப்பிப்பு: ஒரே சீரம், இரண்டு ஐஜிஎஃப்-1 முடிவுகள் (காரணம் கிடைத்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: 15 வயதுப் பையனின் ஒரே சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி), ஒரு ஆய்வகத்தில் ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்ட உடல் சுரக்கும் ஹார்மோன்) இயல்பு, இன்னொன்றில் அதிகம்.

அலகில் குழப்பமில்லை, இரண்டுமே நானோகிராம்/மில்லி. (நானோமோல்/லிட்டர் வேண்டுமென்றால் 7.65-ஆல் வகுக்கவும்.) இரத்தத்தில் ஐஜிஎஃப்-1 ஒட்டியிருக்கும் பிணைப்புப் புரதங்களின் குறுக்கீடும் இல்லை: இரண்டு கிட்டிலும் (பரிசோதனைத் தொகுப்பிலும்) அமிலத்தால் பிரித்து, மறுபடி ஒட்டாமலிருக்க அதைப் போன்ற ஐஜிஎஃப்-2-ஐ மிகையாகச் சேர்க்கிறார்கள்.

பலித்தது, "கிட் உள்தாளில் கேலிபிரேட்டரைப் பாருங்கள்" என்ற யோசனை (கேலிபிரேட்டர்: கிட்டில் வரும் அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரி). ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் பழைய 87/518 தரப்பொருளைச் சார்ந்தது, மற்றது 02/254. பழையது தூய்மை குறைந்தது; இரண்டின் எண்களையும் நேராக ஒப்பிடவே கூடாது.

எதிர்பாராதது வேறு. பிறந்த தேதி பதிவாகாததால் இரண்டாவது ஆய்வக மென்பொருள் பெரியவர்களுக்கான இயல்பு வரம்பை அச்சிட்டிருந்தது! பருவமடையும் வயதில்தான் ஐஜிஎஃப்-1 உச்சத்தில் இருக்கும். அந்தக் கிட்டுக்குரிய வயதுவாரி வரம்பில் வைத்தால் முடிவு இயல்பே. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து வளர்ச்சி ஹார்மோன் அடங்குகிறதா என்று பார்க்கும் சோதனையை மருத்துவர் ரத்து செய்துவிட்டார். மறுபரிசோதனை அதே ஆய்வகத்தில், அதே கிட்டில்.