துணைப்பாடமாகச் சீனம் படித்தவர்களிடம் ஒரு கேள்வி

வணக்கம். எனக்குக் கணினி அறிவியல் முதன்மைப் பாடம்; மாண்டரின் சீனமும் ஆசியப் பண்பாடுகளும் துணைப்பாடம். இரண்டு பருவங்கள் முடிந்துவிட்டன. ‘மா’ என்ற ஒரே அசைக்கு, தொனி மாறினால் அம்மா, சணல், குதிரை, திட்டு என்று பொருளும் மாறுகிறது. ல, ள, ழ வேறுபாட்டோடு வளர்ந்த காது அதற்குப் பழகிவிட்டது. எழுத்துகள்தான் இரவில் எழுதிப் பார்த்தாலும் காலையில் மறந்துபோகின்றன.

இந்தப் பாடத்தை நான் எடுக்கக் காரணமே இலங்கையின் காலி நகரக் கல்வெட்டு. சீனாவின் மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹ அங்கே நிறுவிய, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட மும்மொழிக் கல். அதில் சீனம் புத்தரையும், தமிழ் தென்னாவர நாயனாராகிய திருமாலையும், பாரசீகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் அதன் முன் நின்றபோது, சீனப் பகுதியையும் நானே வாசிக்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது.

ஆனால் அது செவ்வியல் சீனம், பழைய மரபெழுத்துகள். வகுப்பில் கற்பதோ எளிதாக்கப்பட்ட எழுத்துகள். அடுத்த பருவத்தில் ஒரு பாடத்துக்குத்தான் இடம் இருக்கிறது. மாண்டரின் மூன்றாம் நிலையா, செவ்வியல் சீன அறிமுகமா? இரண்டு பருவ அடிப்படையோடு செவ்வியல் வகுப்பில் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தாக்குப்பிடிக்க முடிந்ததா? மரபெழுத்துகளை எப்படிப் பழகினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பாடப்பதிவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.