கடல் சாமியும் பயிர் அம்மனும் காதலித்தால் பகை எங்கே போகும்?

ஆலைக்கிராணி (ஊத்தான் மெலிந்தாங்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் செம்பனை ஆலையில் லாரி எடை போடும் இடத்தில் கிராணி. இரவு ஷிப்டில் பழக்குலை லாரி வராத நேரம் பார்த்துத் தொடர்கதை எழுதி, புலனக் குழுவில் வாரம் ஒரு பகுதி போடுவேன். குழுவில் பாதிப் பேர் எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள், இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பவர்கள். பேய்க்கதை என்றால் உயிரை விடுவார்கள். காதல் கதைக்கு அதற்கு மேல். சரி, இரண்டையும் கலந்துவிடலாம் என்று ஆரம்பித்ததுதான் இது.

கதை இப்படி. கும்பிட ஆளில்லாமல் போன கிரேக்க சாமிகள் அந்தக் காலத்துக் கப்பல்களில் ஏறிக் கிழக்கே வந்துவிடுகின்றன. அதில் ஒருவன் கடல் வம்சம், பொசைடன் வழி. பெர்ணம் ஆறு கடலில் சேரும் இடத்தில் தங்கிவிட்டான். அவள் பயிர் வம்சம், தெமீத்தர் வழி. நம் செம்பனைக்குள் வந்து குடியேறினாள். இருவருக்கும் நடுவில் தோட்டத்தின் மண்கரை. அவன் குத்தகை ஆள் வேடத்தில் இரவில் மதகுப் பக்கம் வருவான். அவன் நின்ற சிமெண்டில் காலையில் உப்பு பூத்திருக்கும். அவள் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கீரை விற்கிறாள். வாங்கிப் போன கீரை வாடுவதே இல்லை என்று ஊரே பேசுகிறது. உப்புத் தண்ணீரை உள்ளே விட்டு மரங்களைக் கொன்றவன் அவன் என்று அவளுக்குத் தெரியும். தன் மண்ணைக் கரைபோட்டுத் திருடியவள் அவள் என்று அவனுக்குக் கோபம்.

ஏன் நம் சாமிகளை வைத்து எழுதவில்லை என்று கேட்பீர்கள். முனியாண்டிக்குக் காதலி என்று ஒரு வரி எழுதினால் போதும், அம்மா எனக்குச் சோறு போடமாட்டார். கிரேக்க சாமி என்றால் "யாரோ வெள்ளைக்காரன் சாமி" என்று விட்டுவிடுகிறார்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. மண்கரையில் இருவரும் முத்தம் கொடுத்துக்கொண்ட பகுதி வந்ததும் குழு அமைதியாகிவிட்டது. ஓர் அத்தை மட்டும் குரல் செய்தி அனுப்பினார்: "இனிமே என்ன இருக்கு? கல்யாணந்தானே? அடுத்த கதையைப் போடு." அத்தை சொன்னதில் தப்பில்லை. காதல் வந்ததும் பகை காணாமல் போய்விட்டது. போதாததற்கு இரண்டு பேருக்கும் சாவு கிடையாது. சாகாதவர்களை வைத்து யாரைப் பயமுறுத்துவது? கிரேக்கக் கதை படித்தவர்கள், அங்கே பகை எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் சொல்லுங்கள்.

---

தண்டல் பேரன் (தெலுக் இந்தான்):

தங்கச்சி, முதலில் ஒன்று. கிரேக்க சாமிகளின் சண்டை பெரும்பாலும் வெறுப்பில் வருவதில்லை. இந்த ஊர் யாருடையது, முதல் மரியாதை யாருக்கு என்பதில்தான் வருகிறது. நம் ஊர்த் திருவிழாவில் யார் முதலில் மாலை வாங்குவது என்று அடித்துக்கொள்வார்களே, அந்தச் சண்டைதான்.

ஏதென்ஸ் கதையை எடுத்துக்கொள். அக்ரோபோலிஸ் பாறையில் பொசைடன் சூலத்தால் குத்தினான், உப்புத் தண்ணீர் ஊறியது. அத்தீனா என்ற பெண் தெய்வம் ஒலிவ மரம் நட்டாள். ஊர் அவளுக்குப் போனது. உடனே அவன் கோபத்தில் பக்கத்துத் திரியா சமவெளியைக் கடல் நீரில் மூழ்கடித்தான். உன் மண்கரைக் கதை ஏற்கெனவே அங்கே நடந்திருக்கிறது பார்.

இதுவரை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் வருவது. தோற்றவனை ஏதென்ஸ்காரர்கள் விரட்டிவிடவில்லை. எரெக்தியோன் என்ற கோயிலில் இருவருக்கும் இடம் கொடுத்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன பௌசானியஸ் என்ற கிரேக்கப் பயணி, உள்ளே உப்புத் தண்ணீர்க் கிணறு இருப்பதாகவும் தெற்குக் காற்று அடிக்கும்போது அதில் அலைச் சத்தம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறார். யோசித்துப் பார். ஜெயித்தவள் வீட்டுக்குள் தோற்றவனின் கடல் இராத்திரியெல்லாம் சத்தம் போடுகிறது. இதைவிடவா உனக்குப் பேய்க்கதை வேண்டும்?

அந்த ஒலிவ மரமும் லேசுப்பட்டதில்லை. கி.மு. 480இல் பாரசீகர்கள் கோயிலோடு சேர்த்து எரித்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் கரிந்த அடிமரத்தில் ஒரு முழம் துளிர் விட்டிருந்ததாம். பழைய வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வது.

ட்ரோய்சென் என்ற ஊரிலும் இதே இரண்டு பேருக்கும் சண்டை. அங்கே சாமிகளின் ராஜா சியூஸ், "இரண்டு பேரும் சேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அந்த ஊர்ப் பழைய காசில் அத்தீனா முகமும் சூலமும் இருக்கும்.

ஆக, அவர்களைப் பிரித்து வைக்காதே. ஒரே கூரைக்குள் போடு. பிரிந்திருக்கும்போது ஏக்கம்தான் வரும். ஒரே அடுப்படி என்றால் சண்டை தானாக வரும், கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

அத்தீனாவை மட்டும் காதலில் இழுத்துவிடாதே. அவள் கன்னித் தெய்வம். அதைத் தொட்டால் விஷயம் தெரிந்தவன் கதையை மூடிவைத்துவிடுவான். நீ தெமீத்தர் வழியில் சொந்தமாக ஒருத்தியை உருவாக்கியது நல்லதாகப் போயிற்று.

---

நூலகத்து அக்கா (கிள்ளான்):

அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் தெமீத்தர் வழி என்றாலே நல்லது என்று விட்டுவிட முடியாது.

பொசைடனுக்கும் தெமீத்தருக்கும் ஏற்கெனவே ஒரு கதை உண்டு. ஆர்க்காடியா பக்கத்துக் கதை. காணாமல் போன மகளைத் தேடி அலைந்துகொண்டிருந்தவளைப் பொசைடன் துரத்தினான். தப்பிக்க அவள் பெண் குதிரையாக மாறி ஒரு மந்தைக்குள் ஒளிந்தாள். அவன் ஆண் குதிரையாக மாறி வந்து அவளைக் கெடுத்தான். அதற்கு யாரும் காதல் என்று பெயர் வைக்கவில்லை. பிகாலியா ஊர்க்காரர்கள் சொன்னபடி, அவள் கறுப்புத் துணி உடுத்திக்கொண்டு ஒரு குகைக்குள் போய் உட்கார்ந்தாள். உலகத்தில் பயிர் செத்தது. அவள் இருக்கும் இடம் சாமிகளுக்கே தெரியவில்லை. கடைசியில் பான் என்ற காட்டுச் சாமி கண்டுபிடித்தான், விதித் தேவியர் போய்ச் சமாதானம் பேசினார்கள். அந்தக் குகையில் குதிரைத் தலையோடு அவளுக்குச் சிலை இருந்ததாம்.

இது உன் கதாநாயகியின் அம்மா கதை, தங்கை. வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கதை. அந்த வம்சத்துப் பையனை மகள் கூட்டிக்கொண்டு வந்தால் அம்மா என்ன செய்வாள்? கத்தமாட்டாள். கறுப்புச் சேலையை எடுத்துக் கட்டுவாள். அடுத்த நாள் தோட்டத்தில் ஒரு குலைகூடப் பழுக்காது. உன் எடைப் பாலத்தில் லாரியே வராது.

பகை எங்கே போகும் என்று கேட்டாயே. எங்கும் போகாது. இரண்டு பேர் விட்டுவிட்டாலும் இரண்டு குடும்பமும் விடாது.

இன்னொன்று, இதில் எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு. பாதாள ராஜா ஹேடிஸும் தெமீத்தரின் மகள் பெர்செபோனியும் பெரிய காதல் ஜோடி என்று இப்போது ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ஹோமர் பெயரில் வழங்கும் பழைய பாட்டில் அவள் பூப் பறித்துக்கொண்டிருக்கிறாள், பூமி பிளக்கிறது, தேரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறான், அவள் அலறுகிறாள். அப்பன் சியூஸ் முன்கூட்டியே சம்மதம் கொடுத்துவிட்டான், அவளைத்தான் யாரும் கேட்கவில்லை. மாற்றி எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றினால் அந்த அலறலுக்கும் ஒரு பதில் வைத்துவிட்டு மாற்று.

---

மில் மாமா (பாகான் டத்தோ):

நான் கிரேக்கம் படித்ததில்லை. ஆனால் கடலோரத் தோட்டத்தில் காலம் முழுக்கத் தண்ணீர் பார்த்தவன். ஒரு விஷயம் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலை எதிரி என்று மட்டும் எழுதுகிறீர்களே அம்மா, மதகு எதற்கு இருக்கிறது? கடல் ஏறும்போது மூடுவோம், உப்பு உள்ளே வராது. வற்றும்போது திறப்போம், தோட்டத்து மழைத் தண்ணீர் வெளியே ஓடும். கடல் வற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், மழைத் தண்ணீர் உள்ளேயே நின்று வேர் அழுகிவிடும். சரி, மொத்தத் தண்ணீரையும் வடித்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. நம் கடலோரத்துக் களிமண் சில இடங்களில் அளவுக்கு மேல் காய்ந்தால் புளித்துப்போகும், மரம் சோர்ந்துவிடும். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அப்படியென்றால் உங்கள் பயிர் அம்மனுக்குக் கடல்காரன் தினமும் வேண்டும், தினமும் ஆகாது. ஒரு சாண் கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. முத்தத்துக்கு அப்புறமும் நாளைக் காலையில் மதகுக்கு யார் போவது என்று இருக்கிறதே.

பௌர்ணமி, அமாவாசையில் ஏற்றம் பெரிதாக இருக்கும். அவன் கட்டுமீறுவதாக வைத்தால் அன்றைக்கு வையுங்கள்.

---

தண்டல் பேரன்:

மாமா சொன்னதற்கு ஒரு துணைச்செய்தி. ஆர்கோஸ் ஊருக்காகப் பொசைடன் சியூஸின் மனைவி ஹீராவிடம் தோற்ற கதை ஒன்று உண்டு. தீர்ப்பு சொன்ன ஆறுகளையே வற்ற வைத்துவிட்டான். விட்டும் கெடுப்பான், நிறுத்தியும் கெடுப்பான்.

அப்புறம் சாவு இல்லாதவர்களை எப்படிப் பயமுறுத்துவது என்ற கேள்வி. அதற்கு ஹெசியட் என்ற பழைய கிரேக்கக் கவிஞர் வழி சொல்லியிருக்கிறார். சாமிகள் பாதாளத்தில் ஓடும் ஸ்டிக்ஸ் ஆற்றுத் தண்ணீரை ஊற்றிச் சத்தியம் செய்வார்கள். அதை மீறினால் முழுதாக 1 வருடம் மூச்சில்லாமல், பேச்சில்லாமல், அமுதம் வாயில் படாமல் கிடக்க வேண்டும். அது முடிந்தாலும் தண்டனை தீராது. இன்னும் 9 வருடம் மற்ற சாமிகளின் சபையிலும் விருந்திலும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். பத்தாவது வருடம்தான் திரும்பலாம். சாகாதவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

---

சாமியாடி வீட்டு மருமகள் (பந்திங்):

நம் சாமி வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறீர்கள், ஆனால் சண்டை போடும் சாமி ஜோடி நமக்குப் புதிதில்லையே. ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் உறையூருக்குப் போய் நாச்சியாரோடு சேர்ந்திருந்துவிட்டு வருவார். இங்கே ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுவார். மோதிரம் தொலைந்தது, தேடப் போனேன் என்று பெருமாள் சாக்கு சொல்வார். நம்மாழ்வார் வந்துதான் சமாதானம். பங்குனியில் இன்றைக்கும் நடக்கிறது. திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று திருவூடல்.

கிரேக்கத்திலும் இதற்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு கதை இருக்கிறது. ஹீரா சியூஸிடம் கோபித்துக்கொண்டு யூபியா தீவுக்குப் போய்விட்டாள். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. பிளாட்டையா ஊர் ராஜா கிதைரோன் ஒரு யோசனை சொன்னான். சியூஸ் ஒரு மரப்பொம்மைக்குக் கல்யாணப் பெண் வேடம் போட்டு, முக்காடு போட்டு, வண்டியில் ஏற்றினான். ஹீராவுக்குச் செய்தி போனது. ஓடிவந்து முக்காட்டைக் கிழித்தாள். உள்ளே கட்டை. சிரித்துவிட்டாள், சமாதானமாகிவிட்டாள். ஆனாலும் இதை நினைத்து அந்தக் காலத்தில் நடத்திய விழாவில் அந்த மாதிரி மரப்பொம்மைகளைக் கடைசியில் எரித்துவிடுவார்களாம். சிரித்தாள் என்பதற்காக விட்டுவைக்கவில்லை பாருங்கள்!

உங்கள் கதையில் சிரிப்பே இல்லையோ என்று தோன்றுகிறது. சண்டை போடுபவர்கள் நடுவில் சிரித்தால்தான் படிப்பவர்களுக்கு அவர்கள்மேல் ஆசை வரும்.

---

ஆலைக்கிராணி:

அண்ணன், அக்கா, மாமா எல்லாருக்கும் நன்றி. நேற்று ஷிப்டில் இரண்டு லாரிக்காரர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தேன், அந்த அளவுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப் போகலாம் என்று இருக்கிறேன். முத்தத்தை எடுக்கப்போவதில்லை. அது அப்படியே இருக்கட்டும். மறுநாள் காலை இருவரும் மதகில் நிற்கிறார்கள், தண்ணீர் எவ்வளவு என்பதில் சண்டை தொடங்குகிறது. மாமா சொன்ன ஒரு சாண்தான். அப்புறம் ஒரு சத்தியம்: மதகைத் தாண்டி அவன் உப்பு வராது, கரையைத் தாண்டி அவள் வேர் போகாது. அதற்குள் அம்மா கறுப்புச் சேலையோடு வந்து சேர்கிறாள்.

சத்தியத்தை யார் மீறுவது என்பதில்தான் நிற்கிறேன். அவள் மீறி ஒரு வருடம் மூச்சில்லாமல் கிடந்தால் தோட்டம் காய்வதை விதவிதமாக எழுதலாம், கை துடிக்கிறது.

---

நூலகத்து அக்கா:

வேண்டாம். பெர்செபோனி அலறினாள், யாரும் காப்பாற்றவில்லை. உன் கதாநாயகியும் பேச்சில்லாமல் கிடக்கிறாள் என்றால் அதே கதையைத்தான் திரும்ப எழுதுகிறாய். அவன் மீறட்டும். கடல் ஒரு வருடம் மூச்சில்லாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று மாமாவைக் கேள்.

---

மில் மாமா:

ஏற்றமும் இருக்காது, வற்றமும் இருக்காது. முதல் மாதம் அந்தப் பயிர் அம்மாள் சந்தோஷமாக இருப்பார். மழைக்காலம் வரட்டும், தண்ணீர் போக வழியில்லாமல் செம்பனை முட்டிவரை நிற்கும். அவனை எழுப்ப அவரே மண்வெட்டியோடு கரைக்கு ஓடுவார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன பகுதியில் மதகு தினமும் இரவு 3 மணிக்குத் திறப்பதாக எழுதியிருந்தீர்களாம், என் மருமகள் படித்துக் காட்டினாள். ஏற்றம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்த நேரத்தை மாற்றிவிடுங்கள். தோட்டத்து ஆட்கள் படிக்கும் குழு, இதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.