பொருள்: 'ஜெயில்பார்ஸ்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்பின் குழுவினருக்கு,

ஆர்கேட் போர்டு (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் எந்திரத்தின் மின்சுற்றுப் பலகை) பழுதுபார்ப்புக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும். படத்தின் மேல் சம இடைவெளியில் கோடுகள் விழும் பழுதைத் தொழிலில் 'ஜெயில்பார்ஸ்' என்பார்கள். 'சிறைக்கம்பி' என்றே வைத்துவிடலாமா? கையேட்டில் எடுத்துக்காட்டு, 1980-இல் வந்த பேக்மேன் போர்டு.

---

> 'சிறைக்கம்பி' என்றே வைத்துவிடலாமா?

வேண்டாம். சிறைக்கம்பி நிமிர்ந்து நிற்பது. பேக்மேனில் இந்தக் கோடு படுத்துக் கிடக்கும். அதில் மானிட்டரை 90 பாகை திருப்பி வைத்திருக்கிறார்கள். 288 புள்ளி கொண்ட வருடுகோடு (மானிட்டர் படத்தை வரையும் ஒவ்வொரு வரிசை), ஆடுபவர் கண்ணுக்குச் செங்குத்தாக ஓடுகிறது. பட ரோமின் (உருவ வடிவங்களைச் சேமித்து வைத்திருக்கும் சில்லு) ஒரு பைட்டில் 4 புள்ளிகள், புள்ளிக்கு 2 பிட். ஒரு பிட் 1-இலேயே ஒட்டிக்கொண்டால் வருடுகோட்டில் நான்கில் ஒரு புள்ளி கெடும். அடுத்தடுத்த வருடுகோடுகளிலும் அதே இடம் கெடுவதால் கோடு குறுக்கே விழுகிறது. மானிட்டரைத் திருப்பாத ஆட்டங்களில் இதே பழுது நெடுக்காகத் தெரியும். ஆகவே 'நெடுவரி', 'குறுக்குவரி' இரண்டும் ஆகாது. வரிக்குதிரை, வரிப்புலியில் உள்ள 'வரி'க்குத் திசை கிடையாது. 'கம்பிவரி' என்கிறேன்.

---

'கம்பிவரி' சரி. ஆனால் எதற்கெல்லாம் இந்தப் பெயர் என்று வரையறுக்காவிட்டால் பயன் இல்லை. திரையில் குப்பை தெரிந்தாலே கம்பிவரி என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

வீடியோ ராமில் (திரையில் எந்த இடத்தில் எந்த எழுத்து என்று வைத்திருக்கும் நினைவகம், 2114 சில்லு) ஒரு பிட் போனால் எழுத்து மாறி விழும். விழுந்த எழுத்தின் வடிவம் சுத்தமாகவே இருக்கும். அது கம்பிவரி அன்று. போர்டின் சுயசோதனையே அதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். பட ரோமின் முகவரித் தடம் (எந்த பைட் வேண்டும் என்று ரோமிடம் கேட்கும் இணைப்பு) ஒன்று ஒட்டிக்கொண்டால் உருவங்கள் துண்டு துண்டாக இடம் மாறும் அல்லது இரட்டிக்கும். அதுவும் அன்று. வடிவம் அடையாளம் தெரிய வேண்டும், அதன் மேல் ஒரே இடைவெளியில் வரி ஓட வேண்டும். அப்போதுதான் தரவுத் தடத்தை (ரோமிலிருந்து பிட்கள் வெளிவரும் இணைப்பு) சந்தேகிக்கலாம்.

கையேட்டில் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் மின்னழுத்தம். விளிம்பு இணைப்பில் அளக்காதீர்கள், ரோமின் 24-ஆம் காலுக்கும் 12-ஆம் காலுக்கும் நடுவே அளங்கள், 4.75 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மற்றதைத் தொடவே வேண்டாம். அடுத்து, வரி எங்கே விழுகிறது? புதிர்ச்சுவர், புள்ளி, எழுத்துகளில் மட்டும் என்றால் 5ஈ ரோம் (5ஈ, 5எஃப் என்பவை போர்டில் சில்லு இருக்கும் இடத்தின் பெயர்). பேய்களிலும் பேக்மேனிலும் மட்டும், அவை நகரும்போது வரியும் கூடவே நகர்கிறது என்றால் 5எஃப். இரண்டிலும் என்றால் அவற்றுக்குப் பின்னால் உள்ள 74எல்எஸ்194 நகர்வுப் பதிவி (ரோம் தரும் பிட்களைப் புள்ளி புள்ளியாக வெளியே தள்ளும் சில்லு).

ஒரு பொறி உண்டு. இரண்டு ரோம்களும் ஒரே தரவுத் தடங்களைப் பங்கிடுகின்றன. 5ஈ-யின் வெளியீடு உள்ளுக்குள் குறுக்குச்சுற்று ஆனால் 5எஃப் படமும் சேர்ந்து கெடும். பாவம், நல்ல 194-ஐப் பிடுங்கி எறிவார்கள். மின்சாரத்தை நிறுத்தி 5ஈ-ஐக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எழுத்துகள் முழுக் கட்டங்களாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், தடம் மிதப்பதால் வருவது. பேய்கள் சுத்தமாகிவிட்டால் குற்றவாளி 5ஈ. ஆகாவிட்டால் அதைத் திரும்பப் பொருத்தி, 5எஃப்-ஐக் கழற்றி இதே சோதனை. அதிலும் மாறாவிட்டால்தான் 194. ரோமின் 9, 10, 11, 13 முதல் 17 வரையான கால்களில் லாஜிக் ப்ரோப் (கால் 0-இலா, 1-இலா, துடிக்கிறதா என்று காட்டும் கருவி) வைத்தால் துடிக்காத கால் காட்டிக்கொடுக்கும். புது ரோம் எரிப்பதற்கு (சில்லில் தரவைப் பதிப்பதற்கு) முன் சாக்கெட்டைத் துடையுங்கள். கருத்த கால் பல போர்டுகளில் உண்டு.

---

வரையறை ஏற்பு. சொல்லில் சிறு திருத்தம்: 'பழுது' சேர்த்தால் வல்லெழுத்து மிகும், 'கம்பிவரிப் பழுது'. முகவரித் தடப் பழுதுக்குத் தனி இழை தொடங்குங்கள். அங்கே 'வரி' வேண்டாம், 'உருக்குலைவு' என்று ஆரம்பிக்கலாம்.